10 சதவீதச் சலுகையும் 28,000 ரூபாய் நிலுவையும்

கேள்வி: நான் மதுரையில் தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். எனக்கும் கணவருக்குமாக மாத வருமானம் 85,000 ரூபாய். அடுத்த மாதம் புது வாடகை வீட்டுக்குக் குடிபோவதால், தீபாவளி விற்பனையில் ஃபிரிட்ஜ் (38,000), வாஷிங் மெஷின் (27,000), ஏசி (40,000) மூன்றையும் அமேசானில் வாங்கத் திட்டமிட்டிருக்கிறோம். என்னிடம் அமேசான் பே ஐசிஐசிஐ கார்டும், இன்னொரு வங்கியின் சாதாரண ரிவார்டு பாயிண்ட் கார்டும் உள்ளன. அமேசானின் கட்டண உறுப்பினர் திட்டமான பிரைமிலும் இருக்கிறேன். இரண்டாவது கார்டுக்கு விற்பனையில் 10 சதவீத உடனடித் தள்ளுபடி உண்டு; அதன் விதிகளை இணைத்திருக்கிறேன். அதனோடு கார்டு ரிவார்டு 5 சதவீதம், கேஷ்பேக் தளம் வழியாக 3 சதவீதம், கிஃப்ட் வவுச்சரில் 2 சதவீதம் என அடுக்கினால் 20 சதவீதம் மிச்சமாகும் என்றும், மொத்தத்தையும் நோ காஸ்ட் இஎம்ஐயில் (வட்டியில்லாத் தவணையில்) போட்டுவிடலாம் என்றும், தேவையானால் மூன்றாவதாக ஒரு கேஷ்பேக் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்றும் என் கொழுந்தனார் சொல்கிறார். இரண்டாவது கார்டில் ஆறு மாதமாக ஏறத்தாழ 28,000 ரூபாய் நிலுவை இருக்கிறது. மாதம் 1,500 கட்டிவருகிறேன். அதில் சேர்ந்திருக்கும் 6,400 பாயிண்ட் ‘இன்றே காலாவதியாகிறது’ என்று ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. வைப்புநிதியாக 60,000 ரூபாய் இருக்கிறது. மாதம் 20,000 வரை மிச்சம் பிடிக்க முடியும். பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சலுகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும் என்று உங்கள் கொழுந்தனார் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர் நான்கு சதவீதங்களையும் ஒரே வரியில் எழுதிக் கூட்டிவிட்டார். அவை கூட்டக்கூடிய எண்கள்தானா என்று பார்க்கவில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியில், ஏறக்குறைய போகிற போக்கில் நீங்கள் குறிப்பிட்டிருக்கும் 28,000 ரூபாய் நிலுவையையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. இதை முதலில் பேசிவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

இன்று பல வங்கிகள் கிரெடிட் கார்டு நிலுவைக்கு மாதம் 3.75 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 45 சதவீதம் வரை வட்டி வசூலிக்கின்றன. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் வழங்கிய தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டதால், அந்த வரம்பும் இப்போது இல்லை. உங்கள் கார்டின் விகிதமும் 3.75 என்றால், 28,000 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 1,050 ரூபாய். அந்த வட்டியின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 189 ரூபாய். ஆக 1,239 ரூபாய். நீங்கள் கட்டும் 1,500 ரூபாயில் அசலைக் குறைப்பது 261 ரூபாய் மட்டுமே. ஆறு மாதமாகக் கட்டியும் நிலுவை அசையாமல் நிற்பதன் காரணம் இதுதான். அதே 28,000 ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீத வட்டி தரும் வைப்புநிதியில் இருந்தால் மாதம் 163 ரூபாய் ஈட்டும். ஒரு கையால் 163 ரூபாயை வாங்கிக்கொண்டு மறு கையால் 1,239 ரூபாயைக் கொடுத்துவருகிறீர்கள்.

நிலுவைக்கு இன்னொரு விளைவும் உண்டு. சலுகை வேட்டையில் இறங்கும் பலர் இதை அறிவதில்லை. முந்தைய பில்லில் ஒரு பகுதி பாக்கி இருந்தாலும், அந்தக் கார்டில் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். கொழுந்தனார் யோசனைப்படி ஃபிரிட்ஜை அந்தக் கார்டில் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இணைத்து அனுப்பிய சலுகை விதிகளைப் படித்தேன். 10 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருந்தாலும், அதிகபட்சத் தள்ளுபடி 1,500 ரூபாய் என்றும், விற்பனைக் காலம் முழுவதற்கும் ஒரு கார்டுக்கு ஒரே முறை என்றும் அதன் கீழே சிறிய எழுத்தில் இருக்கிறது. 38,000 ரூபாய் ஃபிரிட்ஜுக்கு 1,500 போக 36,500 செலுத்துவீர்கள். 100 ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், ஒரு பாயிண்ட் 25 காசு என்ற உங்கள் கார்டின் கணக்குப்படி அதற்கு 91 ரூபாய் சேரும். மொத்த லாபம் 1,591. அந்த 36,500 ரூபாயை 40 நாள் கழித்து முழுமையாகவே கட்டினாலும், 45 சதவீத விகிதத்தில் வட்டி 1,800, ஜிஎஸ்டி 324, ஆக 2,124 ரூபாய். சலுகையில் வாங்கிய ஃபிரிட்ஜுக்கு 533 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள்.

ஆகவே வைப்புநிதியில் 28,000 ரூபாயை முன்கூட்டியே எடுத்து இந்த நிலுவையை அடைத்துவிடுங்கள். முன்கூட்டி எடுப்பதற்கு வங்கி ஒரு சதவீதம் அளவில் வட்டியைக் குறைக்கலாம். இந்த இடத்தில் அது பொருட்டே அல்ல. அடைத்த பிறகும், கடைசி பில் தேதியிலிருந்து பணம் கட்டிய நாள் வரைக்குமான வட்டி அடுத்த பில்லில் ஒரு சிறு தொகையாக வந்து நிற்கும். ‘எல்லாம் கட்டிவிட்டோமே’ என்று அதைக் கவனிக்காமல் விட்டுவிட வேண்டாம். அதையும் கட்டி, பழைய பாக்கி எதுவும் இல்லாத ஒரு பில் கைக்கு வந்த பிறகே அந்தக் கார்டில் புதிதாக வாங்க வேண்டும். கார்டுக்குத் தானியங்கிப் பணப் பிடித்தம் வைத்திருந்தால், அது குறைந்தபட்சத் தொகைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா, மொத்தத் தொகைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். என்னிடம் ஆலோசனைக்கு வருபவர்களில், தம்மையறியாமல் குறைந்தபட்சத் தொகைக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் வட்டி கட்டியவர்கள் உண்டு.

இனி அடுக்கும் கலைக்கு வருவோம். எந்தச் சலுகைகள் ஒன்றோடொன்று சேரும், எவை சேராது என்பதை அறிய, சதவீதத்தைப் பார்ப்பதைவிட அந்தப் பணம் யாருடைய பையிலிருந்து வருகிறது என்று கேட்பது நல்லது. விலைக்குறைப்பும் கூப்பனும் விற்பவருடைய பையிலிருந்து வருகின்றன. விற்பனைக் கால உடனடித் தள்ளுபடி, வங்கி தன் கார்டைப் பயன்படுத்தச் செய்வதற்காக ஒதுக்கும் விளம்பரப் பணம். மாதாமாதம் வரும் ரிவார்டு, ஒவ்வொரு கார்டு விற்பனைக்கும் கடைக்காரர் செலுத்தும் கட்டணத்தில் வங்கிக்கு வரும் பங்கிலிருந்து பெரும்பாலும் கிடைப்பது. கேஷ்பேக் தளம் தருவதோ, வாடிக்கையாளரை அழைத்துவந்ததற்காக விற்பனைத் தளம் அதற்குத் தரும் தரகில் ஒரு பகுதி. வெவ்வேறு பைகளிலிருந்து வருபவை பெரும்பாலும் சேரும். ஒரே பையில் இரண்டு முறை கையை விட முயன்றால், விதிகளில் எங்கேயாவது ஒரு வரி அதைத் தடுத்திருக்கும்.

உங்கள் கொழுந்தனாரின் அடுக்கு இந்த இடத்தில்தான் சரிகிறது. 10 சதவீத உடனடித் தள்ளுபடி இரண்டாவது கார்டுக்கு. 5 சதவீத ரிவார்டு அமேசான் பே ஐசிஐசிஐ கார்டுக்கு. ஒரு பில்லை இரண்டு கார்டுக்கும் சேர்த்துக் காட்ட முடியாது. கிஃப்ட் வவுச்சரில் செலுத்தும் தொகைக்கு வங்கியின் உடனடித் தள்ளுபடி கிடைப்பதில்லை. கேஷ்பேக் தளங்களும் வவுச்சர் வழியாகச் செலுத்திய தொகையைக் கணக்கில் எடுக்காமல் விடுவது வழக்கம். உடனடித் தள்ளுபடிக்கு 1,500 ரூபாய் என்ற உச்சவரம்பு இருப்பதால், உங்கள் 1,05,000 ரூபாய்க் கொள்முதலில் அந்த ‘10 சதவீதம்’ உண்மையில் ஒன்றரை சதவீதத்துக்கும் குறைவு.

இப்போது உங்கள் கையில் இருக்கும் இரண்டு கார்டுகளை மட்டும் வைத்துக் கணக்கிடுகிறேன். நீங்கள் பிரைம் உறுப்பினர் என்று எழுதியிருப்பதால், அமேசான் பே ஐசிஐசிஐ கார்டில் அமேசான் கொள்முதலுக்கு 5 சதவீதம் கிடைக்கும். பிரைம் இல்லாதவர்களுக்கு இது 3 சதவீதம். அந்தக் கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் இல்லை. மூன்று பொருள்களையும் அதிலேயே வாங்கினால் 5,250 ரூபாய் அமேசான் பே இருப்பாகச் சேரும். ஃபிரிட்ஜுக்கு மட்டும் பார்த்தால் 1,900 ரூபாய். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் 10 சதவீதச் சலுகை தரும் 1,591 ரூபாயைவிட இது அதிகம். 27,000 ரூபாய் வாஷிங் மெஷினுக்கோ கணக்கு திரும்பிவிடுகிறது: 5 சதவீதம் என்றால் 1,350 ரூபாய்தான், இரண்டாவது கார்டில் 1,500 ரூபாய் தள்ளுபடியும் 64 ரூபாய் மதிப்புள்ள பாயிண்டும் சேர்ந்து 1,564 ரூபாய். உச்சவரம்பு உள்ள சலுகையை விலை குறைந்த பொருளுக்கும், உச்சவரம்பு இல்லாத ரிவார்டை விலை கூடிய பொருளுக்கும் பயன்படுத்துவதே இதில் உள்ள நுட்பம். உங்கள் விஷயத்தில் இரண்டும் சமமாகும் இடம் 31,500 ரூபாய். அப்படிப் பிரித்து வாங்கினால் மூன்றுக்கும் சேர்த்து 5,464 ரூபாய். எல்லாவற்றையும் ஒரே கார்டில் வாங்குவதைவிட இது 214 ரூபாய் அதிகம். அந்த 214 ரூபாய்க்காக, இரண்டாவது கார்டின் பழைய பாக்கி முழுமையாகத் தீர்ந்துவிட்டதா என்ற ஐயத்தோடு அதை எடுக்க வேண்டாம் என்பேன். பில் சுத்தமாகிவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் எடுங்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழுந்தனாரின் திட்டத்தில் அதிகம் இடிப்பது அதுதான். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இல்லை என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லிவிட்டது. இப்போது நடைமுறையில் இருப்பது வேறு ஏற்பாடு: வங்கி வழக்கமான வட்டியைப் போடுகிறது, அந்த வட்டிக்கு ஈடான தொகையை விற்பவர் முன்கூட்டியே விலையில் கழிக்கிறார். 38,000 ரூபாய் ஃபிரிட்ஜை, ஆண்டுக்கு 16 சதவீத வட்டியில் ஆறு தவணையாகப் போட்டால் வட்டி சுமார் 1,712 ரூபாய். அதே அளவு விலையில் கழிக்கப்படும். ஆனால் அந்த வட்டியின் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 308 ரூபாய், உங்களுடைய செலவு. பிராசஸிங் கட்டணம் 199 ரூபாய் என்றால் ஜிஎஸ்டியோடு 235 ரூபாய். இவற்றைவிடப் பெரிய இழப்பு வேறொன்று: அமேசான் பே ஐசிஐசிஐ கார்டில் இஎம்ஐ பரிவர்த்தனைக்கு ரிவார்டு கிடையாது. 308, 235, கைவிட்டுப் போன 1,900 மூன்றையும் கூட்டினால் 2,443 ரூபாய். ‘நோ காஸ்ட்’ என்ற பெயரில் உங்களுக்கு ஆகும் செலவு அது. கையில் பணமே இல்லாதவருக்கு ஆறு மாத அவகாசத்துக்கான இந்த விலை நியாயமானதாக இருக்கலாம். உங்களுக்கு அந்த அவகாசம் தேவையில்லை என்பதைக் கீழே காட்டுகிறேன்.

கேஷ்பேக் தளங்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆடை, அழகுப் பொருள் போன்றவற்றுக்கு அவை தரும் விகிதம் நன்றாகவே இருக்கும். பெரிய வீட்டுச் சாதனங்களுக்குத் தரகே குறைவு என்பதால் உங்களுக்கு வரும் பங்கும் மிகக் குறைவாகவோ, இல்லாமலோ இருக்கும். வாங்கும் நாளில் அந்தத் தளத்தில் ஃபிரிட்ஜ் வகைக்குத் தனியாக என்ன விகிதம் என்று பாருங்கள். முகப்பில் ‘வரை’ என்ற சொல்லோடு போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். இந்தத் தளங்கள், நீங்கள் கடைசியாக எந்த இணைப்பைச் சொடுக்கி விற்பனைத் தளத்துக்குள் நுழைந்தீர்கள் என்பதைப் பதிவுசெய்தே பணம் தருகின்றன. இடையில் வேறொரு கூப்பன் தளத்தைத் திறந்தாலோ, வேறு இடத்துக் கூப்பன் குறியீட்டை ஒட்டினாலோ பதிவு அறுந்துவிடும். நானே ஒருமுறை காலணி வாங்கும்போது எங்கோ பார்த்த 50 ரூபாய்க் கூப்பனை ஒட்டப்போய், 240 ரூபாய் கேஷ்பேக்கை இழந்தேன். மூன்று மாதம் கடிதம் எழுதியும் பயனில்லை, விதிப்படி தவறு என் மீதுதான். பதிவானாலும், பொருளைத் திருப்பித் தரும் காலம் முடிந்த பிறகே தொகை உறுதியாகும். அதற்கு ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை ஆகலாம். எனவே அதை வரவுசெலவுத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

மூன்றாவது கார்டு இப்போது வேண்டாம். எஸ்பிஐயின் கேஷ்பேக் கார்டு போன்றவை, பெரும்பாலான இணையக் கொள்முதலுக்கு எந்தத் தளம் என்று பாராமல் 5 சதவீதம் தருவதால் பயனுள்ளவைதாம். ஆனால் 999 ரூபாய் ஆண்டுக் கட்டணமும் ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,179 ரூபாய். அதை ஈடுகட்டவே 23,580 ரூபாய்க்குப் பொருள் வாங்க வேண்டும். அமேசானில் அதே 5 சதவீதத்தைக் கட்டணமில்லாமல் பெறும் உங்களுக்கு, இந்தக் கொள்முதலில் அதனால் கூடுதல் பயன் இல்லை. ஆறு மாதமாக நிலுவை ஓடிய நிலையில் புதிய கார்டுக்கு விண்ணப்பிப்பது கடன் வாங்குவோரின் நம்பகத்தன்மையைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணுக்கும் நல்லதல்ல. ஓராண்டு இரண்டு கார்டுகளையும் முழுத் தொகை கட்டிப் பழகிய பிறகு இதைப் பற்றி மீண்டும் யோசிக்கலாம். கொழுந்தனார் தம் கார்டையே தருவதாகச் சொன்னால், அவருடைய சலுகை உங்களுக்கும் ரிவார்டு அவருக்கும் என்று பேசி வாங்கிக்கொண்டு, பணத்தை அன்றே யூபிஐயில் அனுப்பிவிடுங்கள். அவர் சொந்தபந்தம் எல்லோருக்கும் இப்படிச் செய்பவரானால், ஒருவருடைய கார்டு பில் செலுத்துகை ஓர் ஆண்டில் 10 லட்சம் ரூபாயை எட்டும்போது வருமான வரித் துறைக்குத் தகவல் போகும் என்பதை அவருக்குச் சொல்லிவையுங்கள்.

அமேசானில் வாங்கியே தீருவது என்று முடிவெடுக்கும் முன், அதே மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் ஊர் ஷோரூம்கள் இரண்டில் விலை கேளுங்கள். கார்டில் பணம் வாங்கினால் கடைக்காரர் தன் வங்கிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும்; வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐயில் வாங்கினால் 2020 ஜனவரி முதல் அந்தக் கட்டணம் இல்லை. அந்த வித்தியாசத்தை உங்களுக்கு விட்டுக்கொடுக்க அவரால் முடியும். ‘யூபிஐயில் முழுப் பணம் தருகிறேன், என்ன விலை?’ என்று கேட்டால் பல கடைகளில் பேச்சு வேறு விதமாகப் போகும். ஃபிரிட்ஜுக்கு, 5 சதவீத ரிவார்டைக் கழித்தபின் வரும் 36,100 ரூபாய்தான் உங்கள் ஒப்பீட்டு விலை. கடைக்காரர் அதற்கு அருகில் வந்து, ஸ்டாண்டும் ஸ்டெபிலைசரும் இலவசமாகத் தந்து, பழைய ஃபிரிட்ஜையும் எடுத்துக்கொண்டால், அங்கேயே வாங்குங்கள். விலை எப்போதும் முதலில், சலுகை பிறகு. 2025 செப்டம்பர் 22 அன்று ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, 40,000 ரூபாய் ஏசியின் விலை 3,125 ரூபாய் இறங்கியது. உங்கள் கையில் இருக்கும் எந்தக் கார்டும் அந்த அளவு தராது.

பணத்துக்கான ஏற்பாடு இது. வைப்புநிதியில் 28,000 போக 32,000 மீதமிருக்கும். கார்டின் பில் தேதிக்கு மறுநாள் வாங்கினால் ஏறத்தாழ 45 நாள் அவகாசம் கிடைக்கும். அதற்குள் இரண்டு சம்பளம் வரும், மாதம் 20,000 வீதம் 40,000 சேரும். ஆக, 72,000 ரூபாய். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் இரண்டுக்கும் ஆகும் 65,000 ரூபாயை இஎம்ஐ இல்லாமலேயே கட்டிவிடலாம். மருத்துவச் செலவு போன்ற அவசரத்துக்கு 7,000 ரூபாய்தான் மிஞ்சும் என்பது எனக்குச் சற்று உறுத்தலாக இருக்கிறது. புது வீட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருந்தால் வாஷிங் மெஷினை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பில் தேதி சம்பள நாளுக்குப் பொருந்தாமல் இருந்தால், அதை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் குறைந்தது ஒருமுறையாவது வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஏசியை இப்போது வாங்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது சுவரில் சும்மாதான் தொங்கும். பொங்கலுக்குப் பிறகு, கோடைக் கூட்டம் தொடங்கும் முன், குடியரசு தின விற்பனையில் பாருங்கள். அதற்குள் 40,000 ரூபாயும் சேர்ந்திருக்கும்.

இரண்டாவது கார்டில் 6,400 பாயிண்ட் சேர்ந்திருப்பதாகவும், ‘இன்றே காலாவதியாகிறது’ என்று குறுஞ்செய்தி வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்தியில் உள்ள இணைப்பைத் தொட வேண்டாம். அது இறக்கச் சொல்லும் செயலியை நிறுவ வேண்டாம். கார்டு விவரங்களைப் பறிக்க இதே வாசகத்தோடு ஏராளமான போலிச் செய்திகள் உலவுகின்றன. ஏற்கெனவே தொட்டு ஏதேனும் விவரம் கொடுத்திருந்தால், உடனே வங்கியின் வாடிக்கையாளர் எண்ணில் சொல்லிக் கார்டை முடக்கிவிட்டு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகாரளியுங்கள். உண்மையான காலாவதித் தேதி உங்கள் மாத பில்லிலேயே இருக்கும். 25 காசு வீதம் அந்தப் பாயிண்டுகளின் மதிப்பு 1,600 ரூபாய். மாற்றுவதற்குப் பல வங்கிகள் 99 ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கின்றன என்பதால் சிறிது சிறிதாக மாற்றாமல் ஒரே முறையில் மாற்றுங்கள். பட்டியலில் இருக்கும் கைப்பையும் சமையல் பாத்திரமும் அந்த மதிப்புக்குப் பெறாதவை. பில்லில் கழித்துக்கொள்ளும் வசதி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இந்த மாதமே செய்தால், வைப்புநிதியிலிருந்து எடுக்க வேண்டிய தொகை 28,000-க்குப் பதில் ஏறத்தாழ 26,500 ரூபாயாகக் குறையும்.